காற்றைப் பெருக்கியவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். பேய் வர நடுராத்திரிதான் வேண்டும் என்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் பார்த்தது பட்டப்பகலில். பட்டத் திருவிழாவான உத்தராயண் அன்று, மத்தியானம் 2.10. சூரத்தில் நாங்கள் வைரம் வளர்க்கும் கூடத்தில்.

எல்லோரும் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே எட்டு மெஷினுக்கும் நான் ஒருத்தி. திடீரென்று கேஸ் அலாரம் அலறியது. மேனேஜர் மன்சுக்பாய் ஜிலேபியை மென்றபடியே இறங்கி வந்து அதன் வயரைப் பிடுங்கினார்.

"என்ன பாய் பண்றீங்க? நிஜமாவே கசிஞ்சிருந்தா?"

"அது சும்மா கத்துது, கேதகிபென். ஹைட்ரஜனை நிறுத்தினா கல்லெல்லாம் கரியாயிடும். சேட்டுக்கு நீ பதில் சொல்றியா?"

போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வைரம் வளரும்போது கூடவே படிகிற கரியைத் தின்று வைரத்தை மட்டும் விட்டுவைப்பது ஹைட்ரஜன்தான், சரி. ஆனால் அது வெளியே கசிந்து எரிந்தால் வாசனை இருக்காது, தீ கண்ணுக்கே தெரியாது. ஆளையும் தின்றுவிடும். இது அந்த மனுஷனுக்கும் தெரியும்!

திட்டிக்கொண்டே நாலாவது மெஷினைப் பார்க்கப் போனேன்.

சர்... சர்...

எனக்கு முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், கையில் துடைப்பத்தோடு, இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"யாருங்க? இன்னிக்குமா பெருக்கணும்? மேல போங்க!"

அவர் நிற்கவில்லை. துடைப்பம் தரையில் படவே இல்லை. முன்னால் நீட்டிப் பிடித்து, காற்றைப் பெருக்கினார்.

அப்படியானால் அந்தச் சத்தம்?

"காது கேக்கலையா?" என்று அவரைத் தாண்டப் போனேன். துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார்.

நுனி குப்பென்று பற்றியது.

எதிரே வெறும் காற்று...

திரும்பினார். புருவம் இல்லை. இமை இல்லை...

ஓடினேன். ஹைட்ரஜன் வரும் பெரிய வால்வை மூடினேன்.

திரும்பிப் பார்த்தால்... யாருமில்லை.

மன்சுக்பாய் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "அடிப்பாவி! எட்டு மெஷின் கல்லும் போச்சே!"

"போகட்டும்! நான் போயிருந்தா?" நாலாவது மெஷினின் குழாய் இணைப்பைக் காட்டினேன். அந்தச் 'சர்' கசிவு அங்கிருந்துதான்; பெயின்ட் கருகியிருந்தது. பார்த்ததைச் சொன்னேன்.

கூட வந்த சிலிண்டர்காரர் பச்சுகாகா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "லீலாதர்... நீ சேர்றதுக்கு முன்னால இங்க பெருக்கிட்டிருந்தவன்மா. துடைப்பத்தை நீட்டிக்கிட்டேதான் நடப்பான். தெரியாத தீ அதுல பத்தினா நின்னுடுவான். தீபாவளி பூஜையன்னிக்கு, சேட் எதிர்ல துடைப்பத்தை நீட்டினா லட்சுமி ஓடிடுவான்னு இந்த மன்சுக்பாய்தான் பிடுங்கி பீரோவுல பூட்டினார். அன்னிக்கே இதே இடத்துல எரிஞ்சு..."

"அலாரம்?"

"அன்னிக்கும் வயரைப் பிடுங்கித்தான் வெச்சிருந்தாங்க."

மன்சுக்பாய் பக்கம் திரும்பினேன். "திறங்க பீரோவை!" என்று கத்தினேன்.

அன்றைக்குப் பூட்டியதோடு சரி, அவர் அதைத் திறந்ததே இல்லையாம். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. திறந்தார்.

துடைப்பம் உள்ளேதான் இருந்தது.

நுனி புகைந்துகொண்டிருந்தது.