ராஜாவைக் கெடுத்தவர்கள்

அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும்போது எழும் அந்த வாடை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால், எனக்கு நாடக ஆசை வருவதில்லை; கோபம்தான் வருகிறது. நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் ஊரில் மாசித் திருவிழாவுக்கு ஒரு ராஜா நாடகம் போடுவார்கள். கண்ணாக வளர்த்த தம்பியை மந்திரியின் பேச்சைக் கேட்டுக் காட்டுக்கு விரட்டிவிட்டு, உண்மை தெரிந்தபின் ராஜா நெஞ்சிலடித்து அழுவார், அழுதுகொண்டே இருப்பார். விரட்டப்பட்ட தம்பிக்கோ இரண்டே வரி; சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் பீடி பற்றவைத்துக்கொள்வான். ராஜா வேஷம் கட்டியவர் என் பெரியப்பா.

அப்பா செத்துப்போன வருஷம் மழையும் பொய்த்தது. அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவர்கள் மாடு கட்டி நீர் இறைத்தால் மறுநாள் நாங்கள், அதற்குப் பேர் "முறை". பெரியப்பாவின் மச்சினர் வந்து தங்கியதிலிருந்து எங்கள் முறையிலும் பெரியப்பாவின் மாடுகளே கிணற்றடியில் நின்றன. தண்ணீர் இல்லாவிட்டால் தம்பி பெண்சாதி நிலத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவாள் என்று மச்சினர் சொன்னாராம்.

வேஷம் கட்டி ஒத்திகை பார்த்த மத்தியானம், "மந்திரி, உன் சொல்லல்லவா என்னைக் கெடுத்தது!" என்று ராஜா சாவடியில் கதறிக்கொண்டிருந்தபோது, பெண்கள் ஏறாத அந்தச் சாவடிக்குள் அம்மா ஏறினாள். ஒரு கையில் வேரோடு பிடுங்கிய வாடிய மிளகாய்ச் செடி, மறு கையில் நான்.

"ஏனுங்க மாமா, நாளைக்கு எங்க முறை. மாட்டைக் கட்டலாமுங்களா?"

பெரியப்பா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். பதில் சொன்னது பக்கத்திலிருந்த ஊர்ப் பெரியவர்.

"உங்க மாமா தங்கமான மனுசன் அம்மிணி. மச்சினன் வந்து ஓதிக் கெடுத்துப்போட்டான். அவரு என்ன பண்ணுவாரு, பாவம்!"

மந்திரி வேஷத்திலிருந்த எண்ணெய்க் கடைக்காரர் ஒட்டுமீசையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்குங்க, நான் நாடகத்துக்கு மட்டுந்தானுங்க மந்திரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "ஓதுன வாய் அவனுது. கேட்ட காது யாருதுங்க? மாட்டை ஓட்டுன கை யாருதுங்க?"

ராஜா ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி, "உட்ட எடத்துல இருந்து எடுங்க" என்றார்.

முறை வரவில்லை. மிளகாய் காய்ந்தது, நிலம் பெரியப்பாவிடமே போனது, நாங்கள் குமாரபாளையத்துக்குத் தறிக்கூலிக்குப் போனோம். அந்த மாசியிலும் ராஜா அழ, ஊரே கூட அழுததாம்.

இன்று படித்தவர்கள் மேடையேறி, வீழ்ந்த நாயகனைப் பற்றி உருகுகிறார்கள்: இயல்பில் உத்தமன், சேர்க்கைதான் கெடுத்தது என்று. கேட்கக் கேட்க எரிகிறது எனக்கு. கெட்ட சொல் மட்டுமா அவனைத் தேடி வந்தது? நல்ல சொல்லும் வந்ததே, வாடிய செடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் வந்து நின்றதே! இரண்டில் ஒன்றை அவன்தானே எடுத்துக்கொண்டான்?

போன மாதம் ஊருக்குப் போனேன். சாவடி இல்லை, நாடகம் இல்லை. மாடுகள் நடந்து நடந்து இறங்கிய வாரிச் சரிவு தூர்ந்து மேடாகிக் கிணற்றடியில் மின்சார மோட்டார் இரைகிறது. பெரியப்பாவின் மகன் இளநீர் சீவிக் கொடுத்தான்.

"அப்பா கடைசி வரைக்கும் உங்களையெல்லாம் நெனச்சு அழுதாருங்க அக்கா."

"அழுதாரு சரி சாமி. தண்ணி உட்டாரா?"

அவன் மோட்டாரைப் பார்த்தான். நான் இளநீரை வாய் வைக்காமல் வரப்பில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.