சீமெண்ணெயில் கழுவிய கை

ஆம்பூரிலிருந்து நான் பெங்களூர் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தம்பி செல்வராஜ், பிறந்து மூன்று மாதமான தன் மகளை இன்னும் தூக்கவே இல்லை என்று அங்கிருந்து வந்த உறவுக்காரர்கள் சொன்னார்கள். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிறிஸ்துமஸ் கழிந்த வாரமே ரயிலேறிவிட்டேன்.

காலை வண்டியைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். சிட்டி ஸ்டேஷன் வரை போகாமல் கண்டோன்மென்ட்டிலேயே இறங்குங்கள். அங்கிருந்து மர்பி டவுன் இரண்டரை மைல் இருக்கும். ஜட்காக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். நான் நடக்க ஆரம்பித்ததும் பத்தணாவுக்கு இறங்கி வந்தார். குளிர் சொல்லி மாளாது, சால்வை இல்லாமல் போகாதீர்கள்.

தம்பிக்குத் தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் வேலை. கதவைத் திறந்தவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரலெல்லாம் சிவந்து வெடித்து நீர் கசிந்தது. பெருவியாதி, குஷ்டம்தான் என்று அவனே முடிவுகட்டி, தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருந்தான். டாக்டரிடம் போனால் வேலை போய்விடுமாம். அவன் மனைவி ரோசி அழுது ஓய்ந்திருந்தாள்.

"தொட்டா ஒட்டிக்கும்க்கா, புள்ளைக்கு வேணாம்" என்றான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மறுநாள் காலை தொழிற்சாலை டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். வெறுங்கையாலேயே அவன் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உடம்பில் தேமல் உண்டா, மரத்துப்போன இடம் உண்டா என்று சோதித்தார். ஒன்றும் இல்லை. பிறகு, வேலை முடிந்ததும் கையை எதில் கழுவுகிறாய் என்று கேட்டார். எல்லாரையும் போல கிரீஸ் போக சீமெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்த்து, மேலே சலவை சோடா என்றான். புண் வந்த பிறகு, சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டிலும் ஒரு தடவை சீமெண்ணெயாம்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ கழுவுறதுதாம்பா உன் வியாதி. இது யாருக்கும் ஒட்டாது" என்றார் டாக்டர்.

சாதா சோப்பு, தேங்காயெண்ணெய், ஒரு களிம்பு, கை ஆறும்வரை லேத்தை விட்டு, சாமான் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோரில் வேலை. வேலை போகாது என்று அவரே சொன்னார். தம்பி அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

லேத், சாயம், சிமென்ட் என்று உழைத்துக் கை வெடித்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். தட்டைத் தனியாக வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என்ன வேலை, கையை எதில் கழுவுகிறார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

திரும்பும்போது கண்டோன்மென்ட்டில் எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள். குழந்தை தம்பியின் தோளில் இருந்தது. அது அவன் விரலை எட்டிப் பிடித்ததும் பதறிக் கையை இழுக்கப் பார்த்தான்.

"புடிச்சிக்கட்டும், விடுங்க" என்றாள் ரோசி.