சின்னக்கானலில் சாமி ஆட்சி

சின்னக்கானல் மலை வளைவில் ஒரு காட்டு யானை சாலையை மறித்து நிற்கிறது. எங்கள் ஜீப்புக்கு முன்னும் பின்னும் வண்டிகள். இந்தப் பக்கத்தில் யானையைச் சாமி என்றுதான் சொல்கிறார்கள். சாமி சாவகாசமாகத் தழை தின்கிறது. யாரும் எதுவும் கேட்க முடியாது.

முன்வண்டி ஓட்டுநர் தானாகவே பூசாரி ஆகிவிடுகிறார். ஒவ்வொரு வண்டியாக வந்து சட்டம் போடுகிறார். சாமிக்கு ஹாரன் ஆகாது, போட்டோ ஆகாது. நியாயம்தான். கொஞ்ச நேரத்தில் சிவப்புச் சட்டையும் ஆகாது என்கிறார். நான் என் சிவப்புச் சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது, பொம்பளைகள் பேசினால் சாமிக்கு ஆகவே ஆகாதாம்.

ஜீப்பில் என் பக்கத்தில் இருப்பவர், தேயிலைத் தோட்டத்தில் வேலைபார்க்கும் செல்லத்தாய். தங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கேட்க, கிராமசபைக் கூட்டத்துக்குப் போகிறார். என் காதருகே குனிகிறார்.

"ஏன் சார், இத ஆனை சொல்லுச்சா, இல்ல இவரா சொல்லுதாரா?"

ஒருவழியாக யானை சரிவில் இறங்கிப் போகிறது. உடனே எல்லா வண்டிகளும் ஒன்றாக முண்டியடிக்க, சாலை மறுபடி அடைத்துக்கொள்கிறது. ஆளுக்கொரு நியாயம், ஆளுக்கொரு ஹாரன். யானை நிறுத்தியதைவிட நாங்களே அதிக நேரம் நிறுத்தியாயிற்று.

"சாமி ஆட்சியே தேவலை போலிருக்கே" என்கிறேன்.

"சும்மா இருங்க சார். இதுலன்னா நானும் சத்தம் போடலாம்ல?"

சொல்லிவிட்டுத் தலையை வெளியே நீட்டுகிறார்.

"யோவ் பூசாரி, வண்டிய ஓரங்கட்டுய்யா! கூட்டத்துல நான் பேசணும்!"