லானை விட்டுவிட்டு வந்த மார்கழி

மார்கழி மாதத்துச் செம்மண்ணுக்கு ஒரு தனிக் குளிர் உண்டு. பனியில் நனைந்து மேலே பொருக்குத் தட்டியிருக்கும் அந்த மண் மிதித்தால் உடையும்; உள்ளேயிருக்கும் ஈரம் விரலிடுக்கில் ஏறும்; கொஞ்ச தூரம் நடந்ததும் பாதம் நம்முடையதுதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மரத்துப்போகும். புதுச்சேரிக்கு வடக்கே கருவடிக்குப்பத்தைத் தாண்டியதும் நிலம் மெல்ல எழும்பி, ஓடைகள் அறுத்த ஒரு செம்மண் மேடாக நீண்டு கிடக்கும். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதைவிட உயரமான இடம் தெரியாததால் அதை "மலைமேடு" என்போம். பதினோரு வயதில், பத்து நாள் இடைவெளியில், அந்த மேட்டில் நான் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் "சொல்தா"வாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். எனக்கு ஒரு வயதாகும்போது வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குக் கப்பலேறியவர், ஐம்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி மழையில்தான் திரும்பி வந்தார். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். சின்னக் கண்கள், தோள்வரை நேராக வழியும் கறுப்பு முடி. பெயர் லான் என்றார். பிறகு அம்மாவைப் பார்க்காமல், "இதோட அம்மா போயிட்டா. அங்க யாரும் இல்ல இதுக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதையும் விளக்கவில்லை.

தெருவே ஒரு சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அம்மா அழவில்லை, கத்தவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. அன்று மூன்று தட்டு வைக்கும் இடத்தில் நான்கு தட்டு வைத்தாள். அதன்பின் வந்த நாட்களில் அவள் பேசிய சொற்கள் எல்லாமே சோறு, தண்ணீர், விளக்கு என்பனவற்றைப் பற்றியவை. வீட்டுக்குள் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டோம். லானுக்குத் தமிழ் தெரியாது, பிரெஞ்சு தெரியும். நான் "எக்கோல்" என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால், அவளிடம் பேசக்கூடியவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா எங்கள் இருவரையும் எழுப்பி, "கெளம்புங்க, மாமா வூட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். அம்மாவின் அண்ணன் மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். என் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். அப்பா வாசலில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்கவில்லை.

கருவடிக்குப்பம்வரை வண்டித் தடம் இருந்தது. அதற்குப் பிறகு ஒற்றையடிப் பாதை, முள்செடிகள், அங்கங்கே பனைமரம். மூடுபனியில் அம்மாவின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. உச்சிக்குப் போனதும் பனி விலகி, கிழக்கே கடல் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, "பைல அடை வச்சிருக்கேன், எடுத்துத் தின்னுங்க" என்றாள். நான் பையில் கைவிட்டேன். வாழையிலைப் பொட்டலத்துக்கு அடியில் லானுடைய இரண்டு கவுன்கள், அவளுடைய சீப்பு, அவள் சைகோனிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டை எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. என்னுடைய துணி ஒன்றுகூட இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயமோ துக்கமோ வரவில்லை என்பதை இப்போதும் ஒளிக்காமல் சொல்கிறேன். பாதங்களைப் போலவே உள்ளேயும் ஏதோ மரத்திருந்தது. லான் அடையைப் பிட்டுக்கொண்டே, நாம் எங்கே போகிறோம் என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டாள். மாமா வீட்டில் விருந்து, சாயங்காலம் திரும்பிவிடுவோம் என்று சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீதி அடையையும் தின்றாள்.

மாமா வீட்டில் எல்லாம் முன்பே பேசி முடித்திருந்தது போலிருந்தது. அத்தை பையை வாங்கி உள்ளே வைத்தாள். மோர் குடித்ததும் அம்மா எழுந்தாள், லானும் எழுந்தாள். அம்மா அவளைப் பார்த்துக் கையைக் கீழே காட்டி, "நீ இரு" என்றாள். அந்தச் சொல் லானுக்குத் தெரியாது, கை தெரிந்தது. அவள் அழவில்லை. மறுபடி உட்கார்ந்து, பாவாடை போலப் பரந்த கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்படி விட்டுவிட்டுப் போகப்படுவது அவளுக்குப் பழக்கமானதுபோல இருந்தது.

திரும்பும்போது மேட்டின் மேல் நான், "விருந்துன்னு சொன்னேம்மா அதுங்கிட்ட" என்றேன். அம்மா நிற்காமல் நடந்தாள்.

மத்தியானம் சோற்றின் முன் உட்கார்ந்த அப்பா, "சின்னது எங்க?" என்றார்.

"எங்கண்ணன் வூட்ல. அங்கியே இருக்கட்டும்."

"ம்" என்றார். தட்டிலிருந்ததை முழுவதும் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து பூட்ஸை மாட்டி, கயிற்றைக் கட்டி, ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அவிழ்த்து மூலையில் வைத்தார். அடுத்த ஒன்பது நாளும் காலையில் அதைத் துடைத்து மாட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாரே தவிர, ஒரு நாளும் படியிறங்கவில்லை. சண்டையில் எத்தனையோ மேடு ஏறியவர் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

பத்தாம் நாள், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து விறகுக் கட்டு கொண்டுவரும் அஞ்சலை எங்கள் வீட்டில் கட்டை இறக்கினாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க வூட்டு சீனாக்காரப் பொண்ணுக்கு மொட்ட போட்டுட்டாங்கம்மா. தலையெல்லாம் பேனுன்னு சொன்னாங்க" என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றாள். அது அஞ்சலையைக் கேட்டதாகத் தெரியவில்லை. விறகை உள்ளே தள்ளாமல் வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மேட்டில் எங்கும் நிற்கவில்லை.

லான் களத்தில் முந்திரிச் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையில் காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அத்தை வெளியே வந்து, "பேன் புடுங்குச்சு, நான் வேற என்ன பண்றது?" என்றாள்.

"என் வூட்டுப் புள்ளைக்கு மொட்ட போடணும்னா நான் போட்டுக்க மாட்டனா, அண்ணி? பையக் குடுங்க."

மாமா என்னவோ சொல்ல வந்தார். அம்மா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

மேட்டின் மேல் காற்று பலமாக இருந்தது. அம்மா சமைக்கும்போது செருகியிருந்த பழைய துணியை இடுப்பிலிருந்து உருவி லானுடைய தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அன்பாகக் கட்டினாள் என்று சொன்னால் பொய். மூட்டை கட்டுவதுபோலத்தான் கட்டினாள். ஆனால் முடிச்சு காதில் உறுத்தியதும் அவிழ்த்து மறுபடி பின்பக்கமாகப் போட்டாள். நான் லானிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. பாடத்தில் சந்தேகம் வந்தால்கூட அப்பாவிடம்தான் போவாள்.

அம்மா அதற்குப் பிறகும் மாறிவிடவில்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் இருவர் தலையிலும் ஒரே அளவு எண்ணெய் வைத்தாள், அவ்வளவுதான். லான் தமிழ் கற்றுக்கொண்டாள். எங்களைப் போலவே "போறேன், வரேன்" என்றாள். அறுபத்திரண்டில் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு முழுசாகக் கைமாறி, யார் எந்த நாட்டவர் என்று எழுதிக் கொடுக்கும் நேரம் வந்தபோது அப்பா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். "நான் எதுக்கு அங்க?" என்றாள் அம்மா. நான் அம்மாவோடு இருந்துவிட்டேன். அப்பா லானோடு புறப்பட்ட அன்று காலை அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிப் பின்னிவிட்டாள் அம்மா. பின்னி முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

அப்பாவும் அம்மாவும் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. போன குளிர்காலத்தில் லான் பிரான்சிலிருந்து வந்தாள். எழுபதைத் தாண்டியவள், கைத்தடி வைத்திருந்தாள். அந்த மேட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். ரோடு போடவும் வீட்டுமனை நிரப்பவும் லாரி லாரியாக மண்ணை வெட்டிப் பாதி மேட்டைக் கொண்டுபோய்விட்டார்கள், மிச்சத்தின்மேல் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் வீடுகள், ஒரு பெட்ரோல் பங்க், தண்ணீர் டேங்க். கடல் தெரியவில்லை. மாமாவின் தோப்பு இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். இதுதான் என்று ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

லான் இறங்கவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள், வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாங்கள் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"இவ்ளோ கிட்டயாக்கா இருந்துச்சு?" என்றாள்.