காது கூசுகிறவர்கள்

சிங்கப்பூரில் எங்கள் சைட்டில் சத்தத்தை அளக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் குடியிருப்பைப் பார்த்த மாதிரி ஒரு கம்பத்தில் தொங்கும். சத்தம் அளவைத் தாண்டினால் மெஷினை நிறுத்த வேண்டும். மழைக்கு வேலை நிற்கும், ஆள் விழுந்தால் நிற்கும். சத்தத்துக்காக வேலை நிற்கும் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த மாசியில் எதிர் பிளாக்கிலிருந்து ஒரு சீனத்து அம்மா இறங்கி வந்தார். காலேஜில் பாடம் எடுப்பவராம். வீட்டில் உட்கார்ந்து ஏதோ எழுதுகிறாராம், நாங்கள் கான்கிரீட் உடைப்பது தலைக்குள் இறங்குகிறதாம். சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டு, எங்களை மறுபக்கத்து வேலைக்கு மாற்றி விட்டார். அவரும் சீனர். எங்களிடம் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தையால்தான் எங்கள் எல்லோரையும் கூப்பிடுவார். "மச்சான், அந்த அம்மாவுக்கு மூளை ஜாஸ்தி. மூளை உள்ளவங்க காது அப்படித்தான்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். நான் காதைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, "மீ சேம்" என்றேன். எனக்கும் சத்தம் ஆகாது என்று சொல்ல வந்தேன். அவர் காதுவலி என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் அனுப்பினார். காதில் வைக்கப் புது அடைப்பானும் கொடுத்தார். நல்ல மனுசன்தான். மெஷின் பிடிக்கிறவனுக்கும் காது கூசும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே கூடம். ஒரு மூலையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும், எதிர் மூலையில் ஐந்தாம் வகுப்பு செய்யுள் கத்தும். நடுவில் நான் காதைப் பொத்திக்கொண்டு இருப்பேன். கணக்கு நிற்காது. வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்.

"மத்த புள்ளைகளும் இதே சத்தத்துலதானங்க படிக்குது. இவனுக்கு மண்டை அம்புட்டுத்தான். ஆட்டை ஓட்டிவிடுங்க."

ஆடு மேய்த்தேன். பொட்டலில் சத்தமில்லை. அங்கே மனக்கணக்கு தானாக வந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

என் மகள் மலர்விழிக்கும் அதே காது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். மிக்சி ஓடினால் புத்தகத்தோடு கொல்லைக்குப் போய்விடுவாள். எங்கள் அம்மன் கோயிலில் மாசியில் காப்புக் கட்டினால் தேர் முடிகிறவரை மைக்செட் ஓயாது. மூன்றாம் நாள் மண்டகப்படி எங்கள் வகையறாவுக்கு. அன்றைய பூசை எங்களுடையது, சாமி எங்கள் வீட்டு வாசலில் நின்று தேங்காய் வாங்கிப் போகும். மண்டகப்படிக்காரர் வாசலைப் பார்த்து ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவது வழக்கம், திருவிழா முழுக்க. அப்பா காலத்தில் மல்லுக்கட்டி வாங்கிய மரியாதை அது. இந்த வருசம் பரீட்சைக்கு முந்தின வாரம் குழாய் ஏறியது. மகள் போனில் அழவில்லை. "ஒரே வரியத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்ப்பா" என்றாள்.

திருவிழாப் பொறுப்பு என் அத்தை மகன் சுப்பையாவிடம். என்னைவிட மூத்தவர். போன் போட்டேன்.

"மச்சான், குழாயக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பிவிடுங்க. புள்ளைக்குப் பரீட்ச."

"ஏன் மாப்ள, சிங்கப்பூர்க் காத்து பட்டதும் காது மெல்லிசாப் போச்சோ?"

"எனக்கில்ல மச்சான். புள்ளைக்கு."

"படிக்கிற புள்ளைக்குப் பக்கத்துல வேட்டுப் போட்டாலும் ஏறும். ஏறாததுக்கு எம்புட்டுப் பொத்தி வச்சாலும் ஏறாது. ஒனக்கு ஏறுச்சா?"

"பரீட்ச முடியிற வரைக்கும்தான் மச்சான்" என்றேன்.

"சரி, பாத்துக்கிறோம். பெறகு வருத்தப்படக் கூடாது."

குழாயைத் திருப்பவில்லை, கழற்றிவிட்டார்கள். குழாய் வேண்டாம் என்றவனுக்கு மண்டகப்படியும் வேண்டாம் என்று பேசி முடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் என் மனைவி ராசாத்தி தேங்காய்த் தாம்பாளத்தோடு வாசலில் நின்றிருக்கிறாள். பல்லக்கு நிற்காமல் போய்விட்டது. அன்றைய மரியாதையை மேலத்தெருக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். வகையறாவின் உரிமையைத் தொலைத்தவன் வீடு என்று பங்காளிகளும் வாசல் மிதிக்கவில்லை. மகளுக்குப் படிக்கிற திமிர் என்றும் ஊரில் பேச்சு.

காது கூசினால் மூளை அதிகமா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குக் கூசினால் மூளை. என் மகளுக்குக் கூசினால் திமிர். எனக்குக் கூசினால் மண்டை அம்புட்டுத்தான். காது என்னவோ ஒன்றுதான். யார் தலையில் இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டேன்.

"இப்ப சத்தம் இல்லையே, படிக்கிறியாம்மா?"

"இல்லப்பா. அம்மா அடுப்படியில உக்காந்திருக்கு. யாருட்டயும் பேச மாட்டேங்குது. புத்தகத்தத் தொறந்தா அது பேசாததுதான் காதுல நிக்குது."

நான் போனை வைக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. வேறேதோ தெருவில் குழாய் பாடுவது லேசாகக் கேட்டது. வாழ்நாள் முழுக்க எனக்கு ஆகாத சத்தம். போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.