ஒரு செமஸ்டரும் ஒரு வெள்ளாமையும்

போன செப்டம்பர் முதல் வாரத்தில் ஹங்கேரிக்குப் போனேன். இந்த ஜனவரி கடைசி வாரத்தில் திரும்பி வந்தேன். கோவில்பட்டியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கும் செகெட் என்ற ஊரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தது. அதில் ஒரு செமஸ்டருக்கு இடம் கிடைத்தது. விமான டிக்கெட், விடுதி, மாதச் செலவு எல்லாம் உதவித்தொகையிலேயே வந்துவிடும். அங்கிருந்தபடி இந்த வலைப்பதிவில் பதினொரு பதிவுகள் போட்டேன். "நாங்களும் போகணும், என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டு இன்னும் மெயில் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இது பதில். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. விளாத்திகுளம் பக்கம், நாகலாபுரத்துக்கும் புதூருக்கும் நடுவே எங்கள் ஊர். முழுக்க மானாவாரி. புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில் எடுப்பு, வருடத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான். அப்பா தூத்துக்குடியில் லோடு ஏற்றும் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். வீட்டில் அம்மா, நான், பிளஸ் டூ படிக்கும் தங்கை மாரீஸ்வரி, இருபத்தாறு வெள்ளாடுகள். நிலம் தரிசாகக் கிடக்கும் வரைக்கும் ஆட்டை எந்தப் பக்கமும் பத்திவிடலாம். விதை போட்டுவிட்டால் கதை மாறிவிடும். ஆடு ஒரு பாத்தி மிளகாயில் வாய் வைத்தால் ஊரே சண்டைக்கு வரும். விடிந்ததில் இருந்து அடைகிற வரைக்கும் ஒரு ஆள் கம்போடு கூடவே நிற்க வேண்டும். அம்மாவுக்குக் களை வெட்டவே நேரம் போதாது. அதனால் வெள்ளாமை மாதங்களில் நானும் மாரீஸ்வரியும் மாறி மாறி லீவு போடுவோம். திங்கள், புதன், சனி என் நாள். செவ்வாய், வியாழன், ஞாயிறு அவள் நாள். வெள்ளிக்கிழமை அம்மா. இப்படிப் பங்கு போட்டதால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வருகைப் பதிவு தப்பித்துக்கொண்டிருந்தது.

விண்ணப்பப் படிவம் எட்டுப் பக்கம். ஒவ்வாமை உண்டா, நீந்தத் தெரியுமா, தனிமையை எப்படிச் சமாளிப்பாய் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நீ போன பிறகு உன் நாளில் ஆட்டை யார் மேய்ப்பார்கள் என்று கேட்கவில்லை. படிவம் கேட்காததை நானும் வீட்டில் கேட்கவில்லை.

இனிப் பயணம். கோவில்பட்டியில் இருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் பத்து மணி நேரம். சென்னையில் இருந்து வளைகுடா வழியாக புடாபெஸ்ட். நடுவில் காத்திருப்பு நான்கு மணி நேரம், மொத்தம் பதினாறு. அங்கிருந்து செகெட்டுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், 170 கிலோமீட்டர் போல. வழி நெடுக ஒரே தட்டையான கரிய மண். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அட நம்ம ஊர்தானே என்று சிரித்துக்கொண்டேன். செகெட் மிளகாய்க்குப் பேர் போன ஊர். விளாத்திகுளம் மிளகாயைத் தின்று வளர்ந்தவளுக்கு அவர்கள் பெருமையாக நீட்டிய மிளகாய்ப் பொடி இனித்தது. ஆய்வகத்தில் இருந்த இல்திகோ என்ற அம்மா, "காரம், ஜாக்கிரதை" என்று எச்சரித்துக் கொடுத்ததை நான் வெறும் ரொட்டியில் தூவிச் சாப்பிட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அங்கே கிடைத்த பெரிய சந்தோஷம் பனியும் இல்லை, ஆறும் இல்லை. சனிக்கிழமை. இருபத்திரண்டு வயதில் முதல்முறையாக அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கே எனக்கென்று கிடைத்தது. எட்டு மணி வரை தூங்கினேன். நூலகத்தில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி பிடித்துச் சாயங்காலம் வரை படித்தேன். யாரும் ஏட்டி என்று கூப்பிடவில்லை. இவ்வளவு சுகமா ஒரு சனிக்கிழமை என்று டிசா ஆற்றங்கரையில் நின்று நிஜமாகவே அழுதேன். ஐந்தாவது பதிவில் அதை எழுதியிருக்கிறேன், படித்திருப்பீர்கள். அந்தச் சனிக்கிழமை யாருடையது என்று அப்போது தோன்றவில்லை.

கஷ்டங்களும் இருந்தன. அங்கே பரீட்சை பெரும்பாலும் வாய்மொழிதான். சீட்டு எடுத்து, அதில் உள்ள தலைப்பைப் பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். வாத்தியார் முன்னால் தலையைக் குனிந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகியவள் நான். முதல் பரீட்சையில் அவர் கேட்பார் என்று நானும், நான் பேசுவேன் என்று அவரும் உட்கார்ந்திருந்தோம். ஃபெயில். இரண்டாவது முறை மூச்சு விடாமல் பேசித் தேறினேன். இன்னொரு கஷ்டம், வறட்சி. என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "உங்கள் பகுதியில் மழையே கிடையாதாமே" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். இந்த வருடம் எங்களுக்கு மழை பிய்த்து உதறியது. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மழை கூடினால் களை கூடும், களை கூடினால் வீட்டில் ஆள் போதாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். பிறந்ததில் இருந்து தெரியும்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வீடியோ கால். எனக்கு மதியம் ஒரு மணி, அங்கே சாயங்காலம் ஐந்தரை. மாரீஸ்வரி யூனிபார்மோடு, இரட்டைச் சடையோடு, போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசுவாள். "இப்பதான்க்கா பஸ்ஸ விட்டு எறங்குதேன்" என்பாள். நான் உடனே ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டுவேன், கடைத்தெரு விளக்கைக் காட்டுவேன். ஐந்து மாதமும் நான் காட்டிக்கொண்டே இருந்தேன், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என் பரீட்சை ஜனவரி முதல் வாரமே முடிந்துவிட்டது. டிக்கெட் கடைசி வாரத்துக்கு இருந்தது. தேதியை முன்னால் மாற்றியிருக்கலாம். "அவசரப்பட்டு வராதக்கா, சுத்திப் பாத்துட்டு வா" என்றாள் மாரீஸ்வரி. வியன்னாவுக்குப் போய் நான்கு நாள் சுற்றினேன். இந்தத் தளத்தில் அதிகம் பேர் படித்தது அந்த வியன்னா பதிவைத்தான். வயிற்றெரிச்சல்.

திரும்பும் வழி: சென்னையில் இருந்து ராத்திரி ரயில், காலை ஆறே காலுக்குக் கோவில்பட்டி. ஸ்டேஷனில் இருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். விளாத்திகுளத்துக்கு எட்டயபுரம் வழியாகச் சுமார் ஒரு மணி நேரம், முப்பத்தைந்து கிலோமீட்டர். விளாத்திகுளத்தில் புதூர் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், பெட்டிக்கு இலவசம் இல்லை.

"ஏ தாயி, பெட்டிக்கு லக்கேஜ் போடணும்லா. எங்கன இருந்து வாரே?" என்றார் கண்டக்டர்.

"ஹங்கேரி, அண்ணாச்சி."

"அது அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டா?"

பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான். இரண்டு நிறுத்தம் தள்ளி பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். அதில் சண்முகப்பிரியா, மாரீஸ்வரியின் வகுப்புத் தோழி. இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"மாரீஸ்வரி ஒழுங்கா படிக்காளா? பரீட்சைக்கு ஒரு மாசம்தானே இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ வாரதே இல்லக்கா. தீவாளி கழிச்சு ஒரு நாலு நாள் வந்தா. பொறவு வரல. டீச்சர் ரெண்டு தடவ உங்க வீட்டுக்கு வந்தாவ. உங்களுக்குத் தெரியாதா?"

பள்ளிக்கூட நிறுத்தத்தில் பெட்டியோடு நானும் இறங்கிவிட்டேன். வகுப்பு ஆசிரியை நல்லவர், என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் வந்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அரையாண்டும் எழுதல. பொதுத்தேர்வுப் பட்டியல் அனுப்புற நேரம் உங்க அம்மாவைக் கூப்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தேன்மா. இந்த வருஷம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இனிமே அடுத்த வருஷம் தனித்தேர்வுதான்."

"பட்டியல் எப்ப மேடம் போச்சு?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் வியன்னாவில் ஒரு அரண்மனை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது செய்ய முடியுமா என்று நான்கு விதமாகக் கேட்டேன். அவர் நான்கு முறையும் பொறுமையாக முடியாது என்றார்.

அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஆறு கிலோமீட்டர். அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. பெட்டியை வீட்டு வாசலில் போட்டுவிட்டுக் கண்மாய்க்கரைக்கு நடந்தேன். மாரீஸ்வரி அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். கறுத்துப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எக்கா, வெள்ளையா ஆயிட்டே!" என்றாள்.

"ஸ்கூலுக்குப் போயிட்டுத்தான் வாரேன்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்துருப்பே."

"வந்துதான் இருப்பேன்!"

"அதான் சொல்லல." ஓடிப்போன ஒரு குட்டியை அதட்டித் திருப்பிவிட்டு வந்தாள். கோபமே இல்லாத குரலில், "நீயும் ஒரு நாள்கூட கேக்கலியேக்கா" என்றாள்.

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். ஐந்து மாதத்தில் ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன், மழை எப்படி என்று கேட்டிருக்கிறேன், மிளகாய் பூத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை யார் போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் நான் திரும்ப வேண்டும், அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா மிளகாய்ப் புஞ்சையில் இருந்தாள். நான் கத்தினேன், நன்றாகவே கத்தினேன். அம்மா நிமிர்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "நீ போன் போடுத நாள்ல சரியா அஞ்சு மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து யூனிபார்ம மாட்டிக்கிடுவா. வேண்டாம்ட்டி, உள்ளதச் சொல்லிருவோம்னுதான் நானும் சொன்னேன். அக்கா படிப்பு கெட்டுப்போவும்னு அவதான் விடல. என்னைய என்ன செய்யச் சொல்லுத? ஆட்ட விக்கவா? வெள்ளாம பொய்க்குத வருசம் நம்ம சோறு திங்கது அதுகளாலதானே?" என்றாள். அம்மாவின் உள்ளங்கை களைக்கொத்துப் பிடித்துப் பிடித்து வெடித்திருந்தது.

இப்போது மார்ச். திங்கள், புதன், சனி மறுபடியும் நான்தான் போகிறேன். பிளஸ் டூ முதல் பரீட்சை அன்று காலையில் பஸ் போகும் சத்தம் கேட்டபோது மாரீஸ்வரி மிளகாய்ப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. பக்கத்து நிரையில் இருந்த நானும் தூக்கவில்லை.

சரி, கேட்டவர்களுக்கு யோசனைகள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போகும், கம்பளிச் சட்டையை இங்கே வாங்காதீர்கள், அங்கே பழைய துணிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மிளகாய்ப் பொடி இரண்டு கிலோவாவது கொண்டு போங்கள், அங்குள்ளதை நம்பாதீர்கள். வாய்மொழித் தேர்வுக்குக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுங்கள். பரீட்சை முடிந்த மறுநாளுக்கே டிக்கெட் போடுங்கள். வீட்டில் நீங்கள் செய்கிற வேலை ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஆளிடம் நேரில் பேசுங்கள். "பாத்துக்கிடுதேன், போயிட்டு வா" என்று அவர்கள் சொல்வார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இதற்குக் கீழே உள்ளதையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன வாரம் செகெட்டில் இருந்து மெயில் வந்தது. ஆராய்ச்சிப் படிப்பு, நான்கு வருடம், முழு உதவித்தொகை, செப்டம்பரில் சேர வேண்டும். இந்த முறை நான் கேட்டேன். சாயங்காலம் மூன்று பேரும் வீட்டில் இருக்கும்போது வாய்விட்டே கேட்டேன். "நான் போயிட்டா என் நாளை யாரு பாப்பா?"

அம்மா காய்ந்த வற்றலைச் சாக்கில் அள்ளிக்கொண்டே, "அதான் இவ இருக்காள்லா" என்றாள். மாரீஸ்வரி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாக்கா" என்றாள்.

நான் கேட்டது சாயங்காலம். வருகிறேன் என்று மெயில் அனுப்பியது அன்று காலையிலேயே.