டிப்டிரா ஒச்சாயி

எங்கள் பனியன் கம்பெனியில் எழுநூறு பேர் வேலை பார்க்கிறோம். டிப்டிரா என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் ஒச்சாயி. எம்.பி.ஏ. படித்த மேனேஜருக்குத் தெரியாது. ஏழு வருடமாக அயர்ன் டேபிளில் நின்று கால் வீங்கிப்போன எனக்கும் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பேக்கிங் ஹாலைக் கூட்டிப் பெருக்குகிற ஒச்சாயிக்குத் தெரியும்.

எல்லாம் எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய ஒரு ஃபாரத்தால் வந்தது. துணியோடு ஈ, கொசு எதுவும் கப்பலேறிவிடக் கூடாதாம். அதற்காக ரூமுக்கு ரூம் ஒரு நீல விளக்குப் பெட்டி, உள்ளே பசை அட்டை. வாரம் ஒருமுறை அட்டையை மாற்றி, ஒட்டிக் கிடப்பதை இனம் பிரித்து எண்ணி எழுத வேண்டும். கூட்டுகிற ஆள்தானே என்று அந்த வேலையை ஒச்சாயி தலையில் கட்டினார்கள். முதல் கட்டத்தின் தலைப்பு டிப்டிரா. பூச்சி மருந்து அடிக்க வருகிறவர்தான், இரண்டே இறக்கை உள்ளதெல்லாம் அதில் சேரும், ஈயும் கொசுவும் பங்காளிகள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து இந்தம்மா வாயில் வேறு வார்த்தை கிடையாது. வடைமேல் உட்கார்ந்ததும் டிப்டிரா, வேலைக்குப் போகாமல் குப்புறப் படுத்துக் கிடந்த புருஷனும் டிப்டிரா. பட்டாம்பூச்சிக்கு நாலு இறக்கை, அது சேராது என்று சாப்பாட்டு நேரம் முழுக்க என்னோடு சண்டை. நான் என்னமோ பட்டாம்பூச்சிக்கு வக்காலத்து வாங்கின மாதிரி.

குழந்தைகள் காப்பகத்திலும் ஒரு பெட்டி உண்டு. ஒச்சாயியின் நாலு வயது மகள் நாகஜோதி பகலெல்லாம் அங்கேதான் இருப்பாள். காப்பகத்துக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டியின் மூடி உடைந்து மூன்று மாதமாகிவிட்டது. அட்டையில் கொசு வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு குழந்தைகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடுத்தது தன் பிள்ளைதான் என்று ஒச்சாயிக்குச் சோறு இறங்கவில்லை. ஆடிட் வேலைகளைப் பார்க்கிற கதிர்வேலிடம் மூன்று தடவை போய் நின்றாள். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியைச் சோதித்துப் பார்க்கிற பையர் ஆடிட் வந்தது. ஆடிட் என்றால் எங்கள் கம்பெனியில் ஒரு சடங்கு நடக்கும். பழைய ரிஜிஸ்டர் எல்லாம் மூட்டைக்குள் போய்விடும். புது ரிஜிஸ்டரில் மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள். சந்தேகம் வராமலிருக்க நாலு விதமான பேனா, அங்கங்கே டீக்கறை. டீக்கறை வைப்பதில் கதிர்வேலை அடித்துக்கொள்ள ஆளில்லை. டிப்டிரா கட்டத்தில் எல்லா வாரமும் பூஜ்யம் போடச் சொன்னார்.

"ஜீரோ போட்டு கையெழுத்துப் போடும்மா. பூச்சி இருக்குதுன்னு எழுதுனா ஆர்டரே போயிரும்."

ஒச்சாயி போட்டாள். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பூஜ்யம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா இவள் சவடால் என்று இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடிட் அன்றைக்கு ரிஜிஸ்டரைப் புரட்டிய ஆடிட்டரம்மா, கையெழுத்துப் போட்ட ஆளைக் கூப்பிடச் சொன்னார். ஒச்சாயி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளேயிருந்து பன்னிரண்டு பாலிபேக்கை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் காப்பகத்துப் பசை அட்டை, ஒட்டிய கொசுக்களோடு. ஏற்றுமதி பனியனுக்குச் செய்கிற அதே நேர்த்தி, தேதி, கொசுக் கூட்டத்துக்குத் தக்க சைஸ் ஸ்டிக்கர். முதல் வாரம் எஸ். அப்புறம் எம், எல், எக்ஸ்எல். கடைசி மூன்று வாரத்துக்கு அளவான ஸ்டிக்கரே கம்பெனியில் இல்லாததால், டபுள் எக்ஸ்எல்லை இரண்டிரண்டாக ஒட்டியிருந்தாள்.

"ஜீரோன்னு எழுதுனது நாந்தாம்மா. எழுதச் சொன்னாக, எழுதுனேன். இதுதான் நெசம். எம்புள்ள அந்த ரூம்லதான் தூங்குது."

கதிர்வேல் அவசரமாக ரிஜிஸ்டரை மூடப் பார்த்தார். தொட்டிக்கு மூடி போடாமல் அந்த மாதச் சரக்கு கிளம்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் ஆடிட்டரம்மா. மூன்று மாதமாகக் கிடைக்காத மூடி மூன்று மணி நேரத்தில் வந்து இறங்கியது. முதலாளியே பக்கத்தில் நின்று சிமெண்ட் பூச வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஊருக்கெல்லாம் டீ சொன்னேன்.

மறுநாள் ஒச்சாயிக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட். காரணம், ரிஜிஸ்டரில் பொய்யாகப் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஆர்டரை டைப் அடித்தவர் கதிர்வேல். அந்த ஆளுக்கு வெட்கம் என்ற ஒன்றை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் காலை கேட்டில் பார்த்தால், ஒச்சாயி நாகஜோதியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காப்பகத்தில் விட வந்தாளாம். சஸ்பெண்ட் ஆர்டரில் பிள்ளை பெயர் இல்லை என்று வாட்ச்மேனிடம் சட்டம் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், பிள்ளையை உன்னோடு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"எங்க லைன் வீட்டுக்குப் பின்னாடியும் சாக்கடை தெறந்துதாண்ணே கெடக்கு," என்றாள். "அங்க எந்த பையர் வந்து பாக்கப் போறான்?"